விருந்து ஆறு மணிக்கு, ஆட்டம் எத்தனை மணிக்கு?

ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரத்துக்கு வந்து எட்டு மாதமான ஒரு தங்கை கேட்டிருக்கிறாள்: "அக்கா, என் மேனேஜருக்கு 58 வயது. ரெண்டு வருஷமா பால்ரூம் டான்ஸ், அதான் ஜோடி சேர்ந்து ஆடுவாங்களே, அது கத்துக்கிறாங்க. இந்தப் பக்கம் ஒரு ஹோட்டல்ல போட்டியாம், சனிக்கிழமை ராத்திரி காலா டின்னருக்கு எங்க ரெண்டு பேருக்கும் அவங்களே டிக்கெட் வாங்கிட்டாங்க. அழைப்புல 'பிளாக் டை ஆப்ஷனல்'னு போட்டிருக்கு. சேலை கட்டினா விநோதமா இருக்குமா? நாங்க சைவம். ஆடக் கூப்பிட்டா என்ன செய்யறது? பரிசு வாங்கிட்டுப் போகணுமா?"

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் நீ என்றே பேசுகிறேன். நாலு கேள்விக்கும் பதில் வருகிறது. நீ கேட்காமல் விட்ட ஐந்தாவது ஒன்று இருக்கிறது, அதை முதலில் முடித்துவிடுவோம். உன் மேனேஜர் எத்தனை மணிக்கு ஆடுகிறார்?

நான் இந்த ஊருக்கு வந்த இரண்டாம் வருஷம் பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தர் இதே மாதிரி கூப்பிட்டார். காஞ்சிபுரம் பட்டெல்லாம் கட்டிக்கொண்டு மாலை ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். சாப்பிட்டோம். ஆட்டம் ஆரம்பித்தது. ஜோடி ஜோடியாக வந்து என்னமோ தரையில் கால் படாத மாதிரி ஆடினார்கள். நான் பக்கத்து வீட்டம்மா எப்போது எழுந்து போவார் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அவர் பாட்டுக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருக்கிறார். பதினோரு மணிக்குப் பொறுக்க முடியாமல் கேட்டேன். "நானா? காலையில் பத்தே முக்காலுக்கே முடிந்துவிட்டதே" என்றார். கல்யாணத்துக்குப் போய், தாலி கட்டும்போது இல்லாமல் பந்திக்கு மட்டும் உட்கார்ந்தவள் மாதிரி ஆகிவிட்டது எனக்கு. அவர் ஒன்றும் நினைக்கவில்லை. எனக்குத்தான் இன்னும் உறுத்துகிறது.

இதன் ஏற்பாடே அப்படி. அமெரிக்காவில் இந்த மாதிரிப் போட்டிகள் பெரும்பாலும் 'ப்ரோ-ஆம்'. கற்றுக்கொள்பவர் தன் ஆசிரியரோடேயே ஜோடி சேர்ந்து ஆடுவார், மதிப்பெண் மாணவருக்கு மட்டும். காலையிலிருந்தே 'ஹீட்' என்று சின்னச் சின்னச் சுற்றுகள் வரிசையாக ஓடும். ஒரு ஹீட்டுக்கு ஒன்றரை நிமிஷப் பாட்டு, அவ்வளவுதான். ஒரே நேரத்தில் பல ஜோடிகள் தரையில் இருப்பார்கள். ஒவ்வொரு ஹீட்டுக்கும் தனித்தனியாகப் பணம் கட்டியிருப்பார்கள், வகுப்புக் கட்டணம், ஆசிரியருக்கான செலவு, உடை எல்லாம் தனி. நம்மூரில் அரங்கேற்றத்துக்கு வீட்டில் எவ்வளவு போகும் என்று உனக்குத் தெரியும். இதுவும் அதே கதைதான், வருஷா வருஷம். மாலையில் விருந்துக்கு அப்புறம் நடப்பது பெரும்பாலும் தொழில்முறை ஆட்டக்காரர்களின் போட்டி. மாணவர்களுக்கும் சில பெரிய சுற்றுகள் அப்போது இருக்கலாம், ஆனால் உன் மேனேஜர் அதில் இருக்கிறாரா என்று கேட்டால்தான் தெரியும்.

அதனால் திங்கட்கிழமை ஆபீஸில் போய் "உங்கள் ஹீட் எப்போது, நாங்கள் பார்க்க வரலாமா?" என்று கேள். அவர் முகம் மாறுவதைப் பார். போட்டிக்குச் சில நாள் முன்னால் பட்டியல் வந்துவிடும், அவர் பெயருக்கு நேரே ஹீட் எண்ணும் உத்தேச நேரமும் இருக்கும். அந்த நேரத்தை அப்படியே நம்பாதே. முன்னே பின்னே ஓடும். அரை மணி நேரம் முன்னாடியே போய் உட்கார்ந்துவிடு.

எதைப் பார்ப்பது என்று தெரிந்தால் போரடிக்காது. நாலு வகை உண்டு. ஸ்டாண்டர்டில் ஜோடி பிடித்த பிடியை விடவே கூடாது. ஸ்மூத்தில் விட்டு, சுழன்று, மறுபடி சேரலாம். இந்த இரண்டுக்கும் நீளமான கவுன், அது வால்ட்ஸ், டாங்கோ, ஃபாக்ஸ்ட்ராட் கூட்டம். லத்தீன், ரிதம் இரண்டும் சின்ன உடை, இடுப்பு அசைவு, சா-சா, ரும்பா. முதலில் சொன்ன ஸ்டாண்டர்ட், ஸ்மூத் இரண்டிலும் எல்லோரும் தரையைச் சுற்றி வருவார்கள், இடஞ்சுழியாக. கோயிலில் வலம் வருவோமே, அதற்கு நேர் எதிர். வழிநடத்துபவர் முதுகில் ஒரு எண் குத்தியிருக்கும். உன் மேனேஜர் ஜோடியின் எண்ணைக் குறித்துக்கொள், ஆடும்போது அந்த எண்ணை உரக்கக் கத்து. நிஜமாகத்தான் சொல்கிறேன். நம் சபாவில் பழகியவர்களுக்குக் கூச்சமாக இருக்கும், இங்கே கத்தாமல் இருந்தால்தான் நம் ஆளுக்கு யாரும் வரவில்லை போல என்று தோன்றும்.

கொலம்பஸ் இந்த விஷயத்தில் சின்ன ஊர் இல்லை என்பதையும் தெரிந்துகொள். 1978-லிருந்து இங்கே ஒஹாயோ ஸ்டார் பால் என்ற பெரிய ஆட்டப் போட்டி நடக்கிறது, அதைப் பிபிஎஸ் என்ற பொதுத் தொலைக்காட்சியில் பல வருஷம் காட்டினார்கள். இங்கிலாந்தில் பிளாக்பூல் நடன விழா 1920-ல் ஆரம்பித்தது, இந்த ஆட்டக்காரர்களுக்கு அதுதான் காசி. மேஜையில் பேச்சு வராமல் முழிக்கும்போது "நீங்கள் பிளாக்பூல் போயிருக்கிறீர்களா?" என்று ஒருவரிடம் கேட்டுவிடு. அடுத்த இருபது நிமிஷம் நீ பேச வேண்டியிருக்காது.

சரி, சேலை. தாராளமாகக் கட்டு. 'பிளாக் டை ஆப்ஷனல்' என்றால் ஆண்கள் டக்சிடோ (விருந்துக்கென்று போடும் கறுப்புக் கோட் சூட்) போடலாம், இல்லாவிட்டால் அடர்நிறக் கோட் சூட்டும் டையும் போதும், பெண்களுக்கு நீளமான விருந்து உடை என்று அர்த்தம். பட்டுச் சேலையை விட அதற்குப் பொருத்தமானது எது? ஆனால் வெளிர் நிறம் வேண்டாம். ஏன் என்றால், லத்தீன், ரிதம் ஆடுபவர்களில் நிறையப் பேர் விளக்கு வெளிச்சத்தில் வெளுத்துத் தெரியக் கூடாதென்று உடம்பெல்லாம் பழுப்புச் சாயம் பூசியிருப்பார்கள். சந்தோஷத்தில் கட்டிப்பிடிக்க வருவார்கள். சாயம் ஒட்டும். உடையில் இருக்கும் கல் உன் ஜரிகையில் மாட்டி இழுக்கும். என் சந்தன நிறச் சேலை ஒன்று இப்படித்தான் போனது. அடர் பச்சை, அரக்கு, மயில் கழுத்து, இப்படி ஏதாவது கட்டு. முந்தியை மடித்துத் தோளில் பின் குத்திவிடு, கொசுவத்துக்கும் உள்பக்கமாக ஒரு பின். நகை அளவாகப் போதும். அங்கே கல்லும் இறகுமாக ஆயிரம் பேர் மின்னுவார்கள், அவர்களோடு நாம் போட்டி போட முடியாது.

செருப்பு ஊசிக் குதிகால் வேண்டாம். ஆடுகிற தரை மரம், அது பள்ளம் விழும். ஆட்டக்காரர்களின் ஷூவுக்கு அடியில் சொரசொரப்பான ஸ்வேட் தோல் இருக்கும், அந்தத் தரையில் தண்ணீர் சிந்தினால் யாராவது தடுமாறி விழலாம். ஆகவே கையில் தம்ளரோடு தரை ஓரம் போகாதே, ஆட்டம் நடக்கும்போது குறுக்கே நடக்கவும் கூடாது. நவம்பர் குளிரில் சேலைக்கு மேல் போட நீளக் கோட் ஒன்று வேண்டும். வாசலில் கோட்டை வாங்கி வைப்பவருக்குக் கோட்டுக்கு ஒன்றிரண்டு டாலர் கொடு, சில்லறை நோட்டாக எடுத்துப் போ. உன் வீட்டுக்காரரிடம் கறுப்பு அல்லது கருநீல சூட் இருந்தால் புதிதாக வாங்க வேண்டாம். ஆசைப்பட்டால் டக்சிடோ வாடகைக்குக் கிடைக்கும். கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி முடிச்சுப் போடும் வெள்ளை போ டை மட்டும் வேண்டாம், அது ஸ்டாண்டர்ட் ஆடுகிற ஆண்களின் உடை. எங்கள் வீட்டுக்காரர் ஒரு தடவை அதைக் கட்டிக்கொண்டு போய், "எத்தனை மணிக்கு உங்கள் ஹீட்?" என்று மூன்று பேர் கேட்டார்கள்.

சாப்பாடு விஷயத்தில் கொஞ்சம் முன்ஜாக்கிரதை வேண்டும். இது பஃபே இல்லை, பெரும்பாலும் தட்டில் போட்டே கொண்டு வருவார்கள். எத்தனை கோழி, எத்தனை மீன், எத்தனை சைவம் என்று ஹோட்டலுக்கு முன்கூட்டியே கணக்குப் போயிருக்கும். அதனால் இன்றைக்கே மேனேஜரிடம் சொல். வெறுமனே 'வெஜிடேரியன்' என்று நிறுத்தாமல், மீன், முட்டை, கோழிச் சாறு எதுவும் கிடையாது என்று எழுதியே அனுப்பிவிடு. ஒரு ஹோட்டலில் என்னிடம் "வெஜிடேரியன்தானே, சால்மன் பரவாயில்லையா?" என்று கேட்டார்கள். சீசர் சாலட் மேலே ஊற்றும் குழம்பில் நெத்திலி இருக்கும். பார்மேசான் சீஸில், பாலைத் திரிப்பதற்காகக் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் இருக்கலாம். சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைத்திருக்கலாம், தளதளவென்று ஆடும் இனிப்பில் மிருகத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கலாம். எதெது உனக்கு ஆகும் ஆகாது என்பது உன் முடிவு, தெரிந்து முடிவெடு என்பதற்காகச் சொன்னேன். வீட்டிலிருந்து கிளம்பும் முன் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போவது என் வழக்கம். பந்தி நேரம் தாமதமாகும் என்பதும் ஒரு காரணம்.

மேஜை பெரிய வட்டம், பத்துப் பேர் நெருக்கி உட்காருவார்கள். யார் தண்ணீர் யாருடையது என்று குழம்பும். உனக்கு இடப்பக்கத்து ரொட்டித் தட்டும் வலப்பக்கத்து தம்ளரும் உன்னுடையவை. ஃபோர்க்கை வெளிப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே உள்ளே வா. நடுவில் எழுந்தால் நாப்கினை நாற்காலியில் வை. இதில் ஏதாவது தப்பினால் வானம் இடிந்து விழாது, அங்கே பாதிப் பேர் சாப்பாட்டையே கவனிக்க மாட்டார்கள். குடிக்கும் பழக்கம் இல்லையென்றால் சோடாவில் எலுமிச்சை போட்டுக் கேள், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். குளிர்பானமே ஆனாலும் பாரில் பெரும்பாலும் நாம்தான் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் நீ ரொம்பப் பயப்படுகிற விஷயம். போட்டிகளுக்கு நடுவே 'ஜெனரல் டான்சிங்' என்று அறிவிப்பார்கள், விருந்தினர் யார் வேண்டுமானாலும் இறங்கலாம். முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் வந்து கை நீட்டுவார். அது இங்கே மரியாதை, வேறு அர்த்தம் எடுக்காதே. அவர் வலது கை உன் முதுகில் தோள்பட்டை எலும்பின் மீது இருக்கும், மற்றக் கையைப் பிடித்துக்கொள்வார். பிடிக்கவில்லையா, "நன்றி, இன்றைக்குப் பார்க்கத்தான் வந்தேன்" என்று சிரித்துச் சொல், போய்விடுவார். ஒரே விதி, ஒருவரை மறுத்துவிட்டு அதே பாட்டுக்கு இன்னொருவரோடு எழுந்து போகக் கூடாது. ஆசை இருந்தால் இந்த வாரம் சமையலறையில் உன் வீட்டுக்காரரோடு வால்ட்ஸ் பெட்டி அடவைப் பழகு. பெண்ணுக்கு வலது கால் பின்னே, இடது கால் பக்கத்தில், வலது சேர்; பிறகு இடது முன்னே, வலது பக்கத்தில், இடது சேர். மூன்று மூன்றாகப் போகும், தகிட தகிட என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டால் தாளம் தவறாது. வியன்னீஸ் வால்ட்ஸ் என்று அறிவித்தால் மட்டும் பேசாமல் உட்கார்ந்துவிடு. அதன் வேகத்துக்குச் சேலை ஈடுகொடுக்காது.

பரிசு தேவையில்லை. கையால் நாலு வரி எழுதிய கார்டு போதும். டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று ஆரம்பிக்காதே. எத்தனையாவது இடம் என்று நீயாக விசாரிக்கவும் வேண்டாம், சொல்ல ஆசைப்பட்டால் அவரே சொல்வார். ஆடும்போது படம், வீடியோ எடுப்பதைப் பல போட்டிகளில் அனுமதிப்பதில்லை, அதற்கென்று அவர்களே ஆள் வைத்திருப்பார்கள், வாசலில் பலகையைப் பார்த்துக்கொள்.

பகல் ஹீட்டுகளுக்கு விருந்து டிக்கெட் செல்லாமல் போகலாம், தனி டிக்கெட் வேண்டுமா என்று மேனேஜரிடம் நேரம் கேட்கும்போதே கேட்டுவிடு. அதற்குப் பட்டு வேண்டாம், ஒரு நல்ல சுடிதார் போதும். ஆடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டே அவர் கூட்டத்தில் தெரிந்த முகம் தேடுவார், அப்போது தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்.