ஏடிஎச்டி (கவனச்சிதறல், மிகைத் துறுதுறுப்புக் குறைபாடு) உள்ள 5 வயதுக் குழந்தைக்கு இரண்டாவது மொழி வேண்டாமா?

தாராளமாகக் கற்றுக்கொடுக்கலாம். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஏடிஎச்டி வருவதில்லை. வீட்டுமொழியை நிறுத்திவிடாதீர்கள், குழந்தை மனம்விட்டுப் பேசும் மொழி அதுதான்.

சிக்கல் கவனத்திலும், கேட்டதைச் சில விநாடி மனத்தில் நிறுத்துவதிலும்தான். "பையை வைத்துவிட்டு, கை கழுவி, புத்தகத்தை எடுத்து வா" என்று புது மொழியில் சொன்னால் முதல் வேலையோடு நின்றுவிடும். மொழி புரியவில்லையா, கவனம் நழுவியதா? அதையே வேறொரு நாள் வீட்டுமொழியில் சொல்லிப் பாருங்கள். மூன்றையும் செய்தால் குறை புது மொழியில். அங்கேயும் பாதியில் விட்டால் பெரும்பாலும் கவனம்தான். ஒரே தடவையில் முடிவுகட்டாதீர்கள். பசி, தூக்கம்கூடக் குழப்பும்.

பயிற்சி ஒரு வேளைக்கு 5 முதல் 10 நிமிடம் போதும். டிவியை அணைத்து, குழந்தையின் கண்மட்டத்துக்குக் குனிந்து, ஒரு நேரத்தில் ஒரே கட்டளை சொல்லுங்கள். சொன்னதும் மறுபடி சொல்லாமல், மனத்துக்குள் பத்து எண்ணும்வரை காத்திருங்கள். உட்காரவைத்துப் பட்டியல் ஒப்பிக்கச் சொல்வதைவிட, 'குதி', 'உருட்டு', 'ஒளிந்துகொள்' என்று உடம்பால் செய்யும் சொற்கள் நன்றாகப் பதியும்.

மொழிகளைக் கலந்து பேசுவது இயல்பு, திருத்த வேண்டாம். ஆனால் வீட்டுமொழியிலேயே வாக்கியம் அமையவில்லை என்றால், காது பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியாளரின் மதிப்பீடும் அவசியம், இரண்டு மொழியிலும்.