7 1/3-இல் 2 3/4 போனால் 5 5/12 ஏன் வராது?

கேள்வி: ஆறாம் வகுப்பு படிக்கும் மகள் 7 1/3 − 2 3/4 என்ற கணக்குக்கு 5 5/12 என்று விடை எழுதுகிறாள். புத்தகத்தில் 4 7/12 என்று இருக்கிறது. மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) சரியாகத்தான் எடுக்கிறாள். எங்கே தப்பு?

பதில்:

அவள் கண்டுபிடித்த 5, 5/12 இரண்டும் சரியான எண்கள்தான். இரண்டையும் சேர்த்ததுதான் தப்பு. 5-இலிருந்து 5/12-ஐக் குறைத்திருந்தால் 4 7/12 தானாக வந்திருக்கும்.

3-க்கும் 4-க்கும் மீ.சி.ம. 12. எனவே கணக்கு 7 4/12 − 2 9/12 என்று மாறுகிறது. முழு எண்ணில் 7 − 2 = 5. பின்னத்தில் 4-இலிருந்து 9 போகாது. போகாததைப் பார்த்ததும் பிள்ளைகள் சட்டென்று திருப்பிப் போட்டு 9 − 4 = 5 என்று எழுதிவிடுவார்கள். 'பெரியதிலிருந்து சின்னதைக் கழி' என்று சின்ன வகுப்பில் சொல்லிக்கொடுத்ததன் வினை இது. உண்மையில் 4/12-தான் கையில் இருக்கிறது, 9/12 கொடுக்க வேண்டும், 5/12 பற்றாக்குறை. அந்தப் பற்றாக்குறையை 5-இலிருந்து எடுத்துத்தான் அடைக்க வேண்டும்.

கலப்பு பின்னத்தில் முழு எண்ணுக்கும் பின்னத்துக்கும் நடுவே ஒரு கூட்டல் குறி ஒளிந்திருக்கிறது. ஏழரை என்றால் ஏழும் அரையும். 5 5/12 என்று எழுதிய நொடியே 5 + 5/12 என்று சொன்னதாகிவிடும்.

பள்ளியில் கேட்கும் முறை கடன் வாங்குவது:

7 4/12 = 6 + 12/12 + 4/12 = 6 16/12
6 16/12 − 2 9/12 = 4 7/12

இதிலும் ஒரு குழி உண்டு. கடன் வாங்கினால் 10 வரும் என்று சாதாரணக் கழித்தலில் கை பழகியிருக்கும். அதே பழக்கத்தில் 4-ஐ 14 ஆக்கி, 14 − 9 = 5 என்று போட்டு 4 5/12 எழுதுவார்கள். கடன் வாங்கிய 1 எத்தனை துண்டாக உடையும் என்பதைப் பகுதிதான், அதாவது பின்னத்தின் கீழே இருக்கும் எண்தான், சொல்கிறது. பகுதி 12 என்றால் 12 துண்டு.

இதைப் புரியவைக்கத் தச்சரின் அளவு நாடா போதும். ஓர் அங்குலத்துக்கு 8 நூல். 3 அங்குலம் 2 நூல் கட்டையில் 1 அங்குலம் 5 நூல் அறுத்தால் மீதி எவ்வளவு? 2 நூலில் 5 நூல் போகாது; ஓர் அங்குலத்தை உடைத்தால் 8 நூல், ஆக 10 நூல். மீதி 1 அங்குலம் 5 நூல். இதுவேதான் 3 1/4 − 1 5/8 = 1 5/8. மணிக்கணக்கும் இப்படித்தான்: ஒரு மணி நேரத்தை உடைத்தால் 100 வராது, 60 நிமிடம் வரும்.

இன்னொரு தவறு, 4/12-ஐ 16/12 ஆக்கிவிட்டு 7-ஐ 6 ஆக்க மறப்பது. அப்போது 5 7/12 வரும். பழைய 7-ஐ அடித்து மேலே 6 என்று எழுதவைத்தாலே இது பெரும்பாலும் போய்விடும்.

தகா பின்னமாக மாற்றியும் செய்யலாம்: 22/3 − 11/4 = 88/12 − 33/12 = 55/12 = 4 7/12. கடன் தொல்லை இல்லை. ஆனால் முழு எண் பெரிதானால் வீண் உழைப்பு. 48 1/6 − 19 5/8-ஐ இப்படிப் போட்டால் 1156/24 − 471/24 என்று போய், 685-ஐ 24-ஆல் வகுக்க வேண்டியிருக்கும். கடன் வாங்கினால் 47 28/24 − 19 15/24 = 28 13/24, ஒரே வரி.

முழு எண்ணிலிருந்து கழிக்கும்போது கவனம். 8 − 3 2/5-க்கு 5 2/5 என்று எழுதுகிற பிள்ளைகள் நிறைய. 8-ஐ 7 5/5 என்று எழுதினால் 4 3/5 கிடைக்கும்.

மனக்கணக்குக்கு என் தேர்வு வேறு: கழிக்கும் எண்ணை முழு எண்ணாக்கிவிடுவது. 2 3/4-உடன் 1/4 சேர்த்தால் 3. அதே 1/4-ஐ 7 1/3-உடனும் சேர்த்தால் 7 7/12. இரண்டிலும் ஒரே அளவு கூடியதால் வித்தியாசம் மாறாது; 7 7/12 − 3 = 4 7/12. கடனே வேண்டாம். விடையைச் சரிபார்க்கவும் உதவும்.

மகளைச் சோதிக்க 9 1/2 − 4 4/5 மாதிரி பகுதி 10 வரும் கணக்கைக் கொடுக்காதீர்கள். தவறாக 10 கடன் வாங்கினாலும் அதில் விடை சரியாக வந்துவிடும். 8 1/6 − 3 4/9 கொடுங்கள். சரியான விடை 4 13/18. 5 5/18 என்றால் திருப்பிக் கழித்திருக்கிறாள். 4 5/18 என்றால் 18-க்குப் பதில் 10 வாங்கியிருக்கிறாள். 5 13/18 என்றால் 8-ஐ 7 ஆக்க மறந்திருக்கிறாள்.