குழியை மூடும் முன் தண்ணீரைத் தேடுங்கள்

வீட்டுப் பாதை, வண்டி நிறுத்துமிடம் ஆகியவற்றில் விழும் பள்ளங்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, நீலகிரியில் 31 ஆண்டுகள் சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற குன்னூர்க்காரர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: சிறிய தங்கும் விடுதி நடத்துகிறோம். பஸ் சாலையிலிருந்து விடுதி வரை 120 அடி தார்ப் பாதை. வளைவில் மூன்று பள்ளங்கள். ஒவ்வொரு ஏப்ரலிலும் சீசனுக்கு முன்னால் தார்க்கலவை போட்டு மூடுகிறோம். ஐப்பசி மழையில் அதே இடத்தில் அதே பள்ளம் திரும்ப வந்துவிடுகிறது. எந்தக் கலவை வாங்கினால் நிற்கும்?
– வாசகி, அரவேனு

பதில்: கலவையைப் பிறகு பார்ப்போம் அம்மா. மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு அந்த வளைவில் அரை மணி நேரம் நின்றிருக்கிறீர்களா? "அதே இடத்தில்" என்று எழுதியிருக்கிறீர்கள். கலவை கெட்டது என்றால் பாதை முழுவதும் அங்கங்கே பெயரும். ஒரே இடம் மட்டும் திரும்பத் திரும்பப் போகிறது என்றால் அங்கே தண்ணீர் வருகிறது.

தாருக்குக் கீழே ஜல்லி, ஜல்லிக்குக் கீழே நம் செம்மண். காய்ந்திருக்கும்போது அது பாறை போலத் தாங்கும். ஊறிவிட்டால் பிசைந்த மாவு. மேலே சக்கரம் ஏறும்போது தார் வளைந்து வெடிக்கிறது. வெடிப்பு வழியாக மேலும் தண்ணீர் இறங்குகிறது. அடுத்த வண்டி அந்தத் தண்ணீரை அழுத்த, அது மண்ணையும் கரைத்துக்கொண்டு வெளியே பீறிடுகிறது. மழைநாளில் வெடிப்பைச் சுற்றிச் சிவப்புக் குழம்பு தெரிந்தால், உள்ளே பொந்து விழுந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், கட்டபெட்டுப் பக்கம் ஒரு வளைவில் ஒரே ஆண்டில் நான்கு முறை ஒட்டுப் போட்டேன். ஐந்தாவது முறை, ஜல்லி சுமந்துகொண்டிருந்த ஒரு மூதாட்டி, "தம்பி, பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றால் எப்படி? மேலே ஏறி வாருங்கள்" என்றார். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு வாய்க்கால் உடைந்து, நேராக எங்கள் வளைவுக்குத் தண்ணீரை அனுப்பிக்கொண்டிருந்தது. அரை நாளில் கல் அடுக்கி அதைத் திருப்பினோம். அந்த ஐந்தாவது ஒட்டு நான் மாற்றலாகிப் போகும் வரை அசையவில்லை. அவரிடம் கற்றதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் மலைப்பக்க வாய்க்காலில் சருகு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்த பிறகும் அந்த இடம் ஈரமாகவோ பாசி பிடித்தோ இருந்தால், அடியில் ஊற்று இருக்கிறது. அப்படியானால் மலைப்பக்கம் ஒன்றரை அடி ஆழத்துக்குக் காடி வெட்டி, துளையிட்ட பிளாஸ்டிக் குழாய் வைத்து, மேலே ஒன்றரை அங்குல ஜல்லி நிரப்பிச் சரிவுக்கு வழிவிடுங்கள். பாதைக்கும் வாட்டம் வேண்டும்: 10 அடி அகலத்துக்கு 3 அங்குலம்.

இனி ஒட்டு வேலை. பள்ளத்தின் ஓரத்தில் கால் வைத்துப் பார்த்து, கெட்டியான தார் வரும் வரை வெளியே நகர்ந்து, சதுரமாகக் கோடு போடுங்கள். உளியால் செங்குத்தாக வெட்டுங்கள். கிண்ணம் போலச் சரிந்த ஓரத்தில் கலவை நிற்காது. மெல்லிய விளிம்பு முதலில் பெயரும். சேற்றை முழுவதும் எடுத்து, தரையைக் காயவிட்டு, ஆழம் அதிகமானால் முக்கால் அங்குல ஜல்லியும் கிரஷர் தூளும் (கல் உடைக்கும்போது விழும் தூள்) கலந்து இலேசாக நனைத்து இடியுங்கள். தூசியைப் பெருக்கிவிட்டு அடியிலும் பக்கச் சுவரிலும் எமல்ஷன் (தண்ணீரில் கலந்த தார்) பூசுங்கள். பூசும்போது பழுப்பாக இருக்கும். தண்ணீர் பிரிந்ததும் கறுக்கும். கறுக்கும் வரை பொறுங்கள். பெரும்பாலான ஆட்கள் இந்த இடத்தில்தான் அவசரப்பட்டு எல்லாவற்றையும் கெடுக்கிறார்கள்.

பிறகு இரண்டு அங்குலத்துக்கு ஒரு அடுக்காகக் கலவை போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் திமிசுக் கட்டையால் இடிக்க வேண்டும். முதலில் "தொப் தொப்" என்று கேட்கும். இறுகிவிட்டால் ஓசை கணீரென்று மாறும், கட்டை கையில் எகிறும். அதுவரை நிறுத்தாதீர்கள். மேல்மட்டம் கால் அங்குலம் தூக்கலாக இருக்கட்டும்; வண்டி ஏற ஏறப் படிந்துவிடும்.

உங்கள் மூன்று பள்ளத்துக்கு மூட்டையில் வரும் கோல்ட் மிக்ஸ், அதாவது சூடாக்காமலே போடும் தார்க்கலவை போதும். ஒரு பள்ளம் 2 அடிக்கு 2 அடி, 3 அங்குல ஆழம் என்றால் அதற்கு ஏறத்தாழ 65 கிலோ பிடிக்கும். 25 கிலோ மூட்டை மூன்று. சூடான கலவை 150 டிகிரிக்கு மேல் தயாராகி, சூடு ஆறுவதற்குள் இறுக வேண்டியது. மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வருவதற்குள், கொஞ்சமாகக் கொண்டுவரும் கலவை ஆறிப்போகும். ஆறியதை எவ்வளவு இடித்தாலும் வீண்.

கேள்வி: எங்கள் வளாகத்தில் வேன்கள் நிற்கும் இடத்தில் மட்டும், மழை இல்லாதபோதும் தார் இளகிக் குழி விழுகிறது. ஏன்?
– வாசகர், ஊட்டி

பதில்: டீசலும் எஞ்சின் எண்ணெயும் சொட்டுகின்றன. தார் பெட்ரோலியத்திலிருந்து வந்த பொருள். டீசல் அதைக் கரைத்துவிடும். கல்லைப் பிடித்திருந்த பசை போனதும், ஓட்டுநர் நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கைத் திருப்பினால் டயர் கல்லைக் கிள்ளி எடுக்கிறது. எண்ணெய் ஊறிய தாருக்கு மேல் ஒட்டுப் போட்டால் ஒட்டாது. கறை போகும் வரை வெட்டி எடுங்கள். என் யோசனை, வேன்கள் வழக்கமாக நிற்கும் அந்த இடங்களில் மட்டும் தாரை விட்டுவிட்டு சிமென்ட் கான்கிரீட் தளம் போடுவது.

கேள்வி: தார் டின்னைக் காய்ச்சும்போது பழைய பிளாஸ்டிக் பைகளைப் போட்டால் ஒட்டு உறுதியாகுமாமே?
– வாசகர், குன்னூர்

பதில்: செய்யாதீர்கள். பிளாஸ்டிக் சேர்த்துத் தார்ச்சாலை போடுவது மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்ட முறை; அதற்காக அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் அதில் நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தாரில் போடுவதில்லை. சூடாக்கிய ஜல்லியின் மேல் தூவி உருகிப் படியவைத்து, அதன் பிறகே தார் சேர்க்கிறார்கள். வெப்பத்தை அளந்து செய்கிற ஆலை வேலை அது. வீட்டு டின்னில் பி.வி.சி. கலந்துவிட்டால் கிளம்பும் அமிலப் புகை நுரையீரலை அரிக்கும்.

கேள்வி: பங்களாப் பாதையில் பள்ளம் விழ உறைபனிதான் காரணம் என்கிறார் ஒப்பந்தக்காரர். உண்மையா?
– வாசகி, கொடைக்கானல்

பதில்: சிறு பங்குதான். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிவடைகிறது. குளிர் நாடுகளில் மண்ணே ஆழமாக உறைவதால் சாலை மேலெழும்பி வெடிக்கும். நம் மலைகளில் உறைபனி புல்லிலும் கார்க் கூரையிலும் படிந்து, வெயில் ஏறியதும் கரைந்துவிடுகிறது. உங்கள் பாதையைக் கெடுப்பதும் பெரும்பாலும் மழைத்தண்ணீர்தான். ஆனால் குளிரில் தார் விறைக்கும், எமல்ஷன் கறுக்க நேரமாகும். ஆகவே காலை 10 மணிக்குப் பின் தொடங்கி மதியம் 3 மணிக்குள் முடிக்கச் சொல்லுங்கள். பாதை முழுவதும் புதிதாகப் போடுவதானால், சமவெளியில் போடும் வி.ஜி.30 என்ற கெட்டி ரகத் தாரையே கொண்டுவருகிறாரா என்று கேளுங்கள். குளிர்ந்த ஊருக்கு இளகலான வி.ஜி.10 பொருந்தும்.

கேள்வி: ஜூலை மழை நிற்கவே இல்லை. வாசல் பாதைப் பள்ளத்தில் கார் இடிக்கிறது. இப்போதே சிமென்ட் போட்டு அடைக்கலாமா?
– வாசகர், கூடலூர்

பதில்: சிமென்ட் வேண்டாம். தார் வளையும், கான்கிரீட் வளையாது. இரண்டும் சேரும் விளிம்பில் வெடித்து, பள்ளம் அதைச் சுற்றி அகலும். செங்கல் துண்டும் மண்ணும் இரண்டே நாளில் சேறாகும். பள்ளத்தில் நிற்கும் தண்ணீரை இறைத்துவிட்டு, ஓரத்தில் ஒரு சிறு காடி வெட்டி வடியவிட்டு, ஒன்றரை ஜல்லியைப் போட்டு இடித்து, இடுக்குகளில் கிரஷர் தூளைத் திணித்து வையுங்கள். வாரம் ஒருமுறை பார்த்து, குறைந்ததை நிரப்பி, மறுபடி இடியுங்கள். மழைக்காலத்தைத் தள்ள இது போதும். ஜனவரியில் தரை காய்ந்ததும் சதுரமாக வெட்டி நிரந்தர ஒட்டுப் போடுங்கள். அப்போது தோண்டி எடுக்கும் ஜல்லியை வீசிவிடாமல் கழுவிக் காயவையுங்கள். அதே குழிக்கு அடித்தளமாக உதவும்.