வெயிலுக்கு சன்ஸ்கிரீன்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

எல்லாருக்கும் வணக்கம். வேலூர்ல ஒரு மெடிக்கல் ஷாப்ல 14 வருஷமா பார்மசிஸ்டா இருக்கேன். ஏப்ரல் பொறந்துட்டா கவுண்டர்ல நிறைய பேரு கேக்குறது சன்ஸ்கிரீன் தான், ஆனா பின்னாடி கூட்டம் நிக்கும்போது நிதானமா சொல்ல முடியறதில்ல, பாதி சொல்றதுக்குள்ள காச குடுத்துட்டு போயிடுறாங்க. இன்னைக்கு மதியம் கடை லீவு, அதான் உக்காந்துட்டேன். நான் டாக்டர் இல்ல, தோல்ல நோய்னு இருந்தா ஸ்கின் டாக்டர்கிட்ட தான் போகணும், அத முதல்லயே சொல்லிடுறேன்.

கேள்வி (காலேஜ் பொண்ணு, சென்னை): அக்கா, எஸ்பிஎஃப் 30 வாங்கவா 50 வாங்கவா? 100 கூட இருக்கே, அது டபுள் ஸ்ட்ராங்கா?

டபுள்லாம் இல்லமா. வெயில்ல யூவி, அதாவது கண்ணுக்கு தெரியாத புற ஊதா கதிர் இருக்கு, அதுல யூவிஏ, யூவிபின்னு ரெண்டு வகை. எஸ்பிஎஃப்ங்கிறது தோல சுட்டு செவக்க வைக்கிற யூவிபி கதிர வச்சு அளக்குற நம்பர். 15 போட்டா சுமாரா 93 சதவீதம் தடுக்கும், 30 போட்டா 97, 50 போட்டா 98, அதுக்கு மேல எவ்வளவு போனாலும் கூடுறது கொஞ்சம் தான். ஆனா இந்த கணக்கெல்லாம் லேப்ல ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம்னு தாராளமா தடவி எடுத்தது, நாம பட்டாணி அளவு எடுத்து மூஞ்சி பூரா இழுத்து விடுறோம், அப்படி போட்டா 50ன்னு எழுதின ட்யூப் 50 வேலை செய்யவே செய்யாது. ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டுலயும் அடியில இருந்து நுனி வரைக்கும் ஒரு கோடு பிதுக்கு, அது மூஞ்சிக்கும் கழுத்துக்கும் சேர்த்து. கிட்டத்தட்ட 1 கிராம் வரும். அப்போ 50 கிராம் ட்யூப், தினம் ஒரு தடவை போட்டா கூட, 50 நாள்ல தீரணும். போன சம்மர்ல வாங்கினது இன்னும் பாதி இருக்குக்கானு சொல்ற பிள்ளைங்கள பாத்தா எனக்கு மனசு கஷ்டமா இருக்கும், காசும் போச்சு, பாதுகாப்பும் கிடைக்கல. எப்படியும் நாம கம்மியா தான் போடுவோம்ங்கிறதால 50 வாங்கிக்கோ. 800 ரூபா ட்யூப வாங்கி மிச்சம் புடிச்சு போடுறத விட 300 ரூபா ட்யூப அள்ளி போடுறது எவ்வளவோ மேல்.

இன்னொன்னு, அட்டையில பிஏன்னு போட்டு பக்கத்துல பிளஸ் குறி இருக்கும், அது யூவிஏ கதிருக்கு. நம்ம மாதிரி மாநிறம், கருப்பு தோலுக்கு செவந்து போறத விட கருத்து போறது, திட்டு திட்டா ஆகுறது தான் பெரிய தொல்லை, அதுல யூவிஏவுக்கு பெரிய பங்கு இருக்கு. அதனால மூணு பிளஸ்ஸாவது இருக்கணும், நாலு இருந்தா நல்லது.

கேள்வி (டெலிவரி வேலை, திருச்சி): அக்கா நாள் பூரா வண்டியில தான். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா போடணும்ங்கிறாங்க, வேர்வையில எல்லாம் ஒழுகிடுது, கண்ணு வேற எரியுது. எனக்கு ஆகுற வேலையா இது?

தம்பி, உனக்கு முதல் சன்ஸ்கிரீன் துணி தான். நெருக்கமா நெய்ஞ்ச, கொஞ்சம் அடர் கலர்ல முழுக்கை சட்டை போடு, கைக்கு க்ளவுஸ், கழுத்துக்கு துண்டு. மெல்லிசான வெள்ளை பனியன் துணி வழியா கதிர் நல்லாவே உள்ள போகும், வேர்வையில நனைஞ்சா இன்னும் கூட போகும், அதனால வெள்ளை போட்டா போதும்னு நம்பாத. இதெல்லாம் போட்டுட்டா க்ரீம் வேண்டியது மூஞ்சிக்கும் காதுக்கும் மட்டும் தான், செலவு பாதியாகிடும். வாட்டர் ரெசிஸ்டன்ட்னு போட்டிருக்கறத வாங்கு, அதுவும் 40 நிமிஷம் இல்ல 80 நிமிஷம் தான் தண்ணிய தாங்கும். கிளம்புறதுக்கு 15, 20 நிமிஷம் முன்னாடி போடு, மதிய சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது மூஞ்சிய தொடைச்சிட்டு திரும்ப போடு. ரெண்டு மணி நேர கணக்கு உனக்கு முடியலன்னா கூட இந்த ரெண்டாவது தடவைய மட்டும் விட்டுடாத. கண்ணு எரியறதுக்கு, கண்ண சுத்தி மட்டும் ஜிங்க் ஆக்சைடு உள்ளத போட்டு பாரு, மத்த சன்ஸ்கிரீன்ல கதிர உறிஞ்சறதுக்கு கலக்குற கெமிக்கல் ஃபில்டர் தான் வேர்வையோட இறங்கி எரியும்.

கேள்வி (ரெண்டு புள்ளைங்களோட அம்மா, சேலம்): கன்னத்துல மங்கு விழுந்திருக்கு, ரெண்டாவது புள்ளைக்கு அப்புறம் வந்தது. சன்ஸ்கிரீன் போட்டும் குறையல.

ஹார்மோன் மாறும்போது மங்கு வரும், வெயில் பட பட அடர்த்தியாகும். இதுல நிறைய பேருக்கு தெரியாத விஷயம், மங்குக்கு கண்ணுக்கு தெரியுற சாதாரண வெளிச்சம் கூட காரணம், அத சாதாரண சன்ஸ்கிரீன் தடுக்காது. அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் கலர்லயே வர்ற டின்டட் சன்ஸ்கிரீன் கேட்டு வாங்குங்க, வெள்ளையா திட்டு தெரியற தொல்லையும் இருக்காது. காலையில வாசல் தெளிக்க, மொட்டை மாடியில துணி காயப்போட, புள்ளைய வேன் ஏத்தி விட போறதும் வெயில் தாங்க, அஞ்சு நிமிஷம் தானேன்னு விட்டுடாதீங்க.

கேள்வி (அதே ஊரு, வேற ஒருத்தங்க): நானும் மங்குக்கு தான் ஒரு க்ரீம் போடுறேன், பக்கத்து வீட்ல குடுத்தாங்க, ஒரே வாரத்துல பளபளன்னு ஆச்சு. இப்போ வெயில்ல போனா மூஞ்சி நெருப்பா எரியுது, செவக்குது. சன்ஸ்கிரீன் மாத்தணுமா?

அம்மா, தயவு செஞ்சு அந்த ட்யூப்ப திருப்பி பின்னாடி படிங்க. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால், இதுல ஏதாவது இருந்தா அது ஸ்டீராய்டு. ஒரு வாரத்துல வெளுத்ததே அதால தான் இருக்கும். மாசக்கணக்குல போட்டா தோல் மெலிஞ்சு போகும், ரத்தக்குழாய் வெளிய தெரியும், பரு வரும், மூஞ்சில முடி வளரும், வெயில் கொஞ்சமும் தாங்காது. இத டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு 2018லயே சட்டம் வந்தாச்சு, இருந்தும் கைமாத்தா போய்ட்டே இருக்கு, என் கவுண்டர்ல வாரத்துக்கு ஒருத்தராவது காலி ட்யூப்ப நீட்டி இதே குடுங்கன்னு நிக்கிறாங்க, மாட்டேன்னா கோவிச்சுக்கிட்டு அடுத்த கடைக்கு போறாங்க. பட்டுனு நிறுத்தினா இன்னும் மோசமா எரியலாம், அதனால இந்த வாரமே ஸ்கின் டாக்டர பாருங்க, ட்யூப்பையும் கையோட எடுத்துட்டு போங்க. அது வரைக்கும் குடையும் துப்பட்டாவும்.

கேள்வி: எலுமிச்சம்பழம் தேய்ச்சா டேன் போகுமா?

தேய்க்கவே தேய்க்காதீங்க. எலுமிச்சை சாறு பட்ட தோல்ல வெயில் பட்டா கொப்புளம் போட்டு கருப்பு தழும்பாவே நின்னுடும். தயிர், கடலை மாவு குளிர்ச்சிக்கு போட்டுக்கோங்க, ஆனா அது எதுவும் வெயில தடுக்காது. தேங்காண்ணெயும் அப்படித்தான்.

கேள்வி (ஐடி, கோயம்புத்தூர்): ஏசி ரூம்ல தான் இருக்கேன், எனக்கெதுக்கு?

ஜன்னல் பக்கம் சீட்டா? கண்ணாடி யூவிபிய நிறுத்திடும், யூவிஏ நிறைய உள்ள வந்துடும். ஜன்னல விட்டு தள்ளி உக்காந்தா காலையில ஒரு தடவை போதும்.

கேள்வி: மே மாசம் ஊட்டி போறோம், அங்க தான் குளுகுளுன்னு இருக்குமே, எடுத்துட்டு போகணுமா?

கண்டிப்பா எடுத்துட்டு போங்க. குளிருக்கும் கதிருக்கும் சம்பந்தமே இல்ல. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், ஆயிரம் மீட்டர் ஏறினா யூவி சுமாரா பத்து சதவீதம் கூடும். அதுலயும் நம்ம ஊருக்கு ஏப்ரல்ல சூரியன் நேர் உச்சிக்கு வந்துடுது, சென்னையில, வேலூர்ல எல்லாம் ஏப்ரல் கடைசியில ஒரு நாள் மதியம் குச்சி நட்டா நிழலே விழாது. நான் எல்லாருக்கும் சொல்ற கணக்கு இதான், உங்க நிழல் உங்கள விட குட்டையா இருந்தா கதிர் ஜாஸ்தி, உள்ள வந்துடுங்க. மேகமா இருந்தாலும் போடுங்க.

கேள்வி: நாலு மாச கைக்குழந்தைக்கு போடலாமா? பெரியவனுக்கு மூணு வயசு.

ஆறு மாசத்துக்குள்ள வேண்டாம்மா, நிழலும் பருத்தி துணியும் தான். பெரியவனுக்கு ஜிங்க் ஆக்சைடு உள்ளது, வாசனை இல்லாதது, முன்கையில கொஞ்சம் தடவி ஒரு நாள் பாத்துட்டு போடுங்க.

கேள்வி: அப்பாவுக்கு வைட்டமின் டி கம்மின்னு ரிப்போர்ட்ல இருக்கு, சன்ஸ்கிரீன நிறுத்தவா?

நாம போடுற அளவுக்கு வைட்டமின் டி பெருசா குறையாது. நிறுத்தறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட மாத்திரை கேளுங்க. அப்பா டாக்ஸிசைக்ளின்ங்கிற ஆன்டிபயாடிக், இல்ல பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதையசைடு இருக்கிற மாத்திரை எடுக்கிறாரான்னும் பாருங்க, அதெல்லாம் வெயில்ல தோல சீக்கிரம் கருக்க வைக்கும்.

கேள்வி: ஸ்கூட்டி டிக்கியில ஒரு ட்யூப் வச்சிருக்கேன், பிதுக்கினா முதல்ல தண்ணியா வருது. குலுக்கிட்டு போடலாமா?

சூட்டுல பிரிஞ்சு போச்சுமா, எக்ஸ்பைரி தேதி பாக்கி இருந்தாலும் அத தூக்கி போட்டுடு. புதுசு வாங்கி ஹேண்ட்பேக்ல வச்சுக்கோ.