திருமணப் பூக்களுக்காக ஃப்ளோரிஸ்டைப் பார்க்கப் போகும்போது என்ன பேச வேண்டும்?

கேள்வி: எட்டு மாதத்தில் எனக்குத் திருமணம். அடுத்த வாரம் ஒரு ஃப்ளோரிஸ்டைச் சந்திக்கிறேன். பூக்களைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. எதைக் கொண்டுபோக வேண்டும், எதைக் கேட்க வேண்டும்? பொடிப்பொடியாக வெள்ளையாகப் பூக்கும் ஜிப்சோபிலா மட்டுமே போதும் என்று அம்மா சொல்கிறார். அது சரிவருமா?

பூவைப் பற்றித் தெரியாது என்று தயங்க வேண்டாம். அது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியாத, உங்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயங்கள் சில இருக்கின்றன. நிகழ்ச்சி எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, படம் எடுப்பது வெயிலிலா நிழலிலா, விருந்து எத்தனை மணி வரை போகும், மண்டபத்தில் ஏசி உண்டா, விளக்கு மஞ்சளா வெள்ளையா. முதல் சந்திப்புக்கு இவற்றைக் கொண்டுபோங்கள். பூக்களின் பெயர்ப் பட்டியல் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இதை நான் தெரிந்துகொண்டது என் திருமணத்தில்தான். ஃபோனில் நாற்பது படங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு போனேன். பாதிப் படங்களில் ஹைட்ரேஞ்சியா. பந்துபோல் திரண்ட அந்த நீலப் பூ இல்லாமல் என் பூங்கொத்து கிடையாது என்று முடிவே செய்திருந்தேன். நான் காட்டிய எல்லாவற்றுக்கும் அந்த ஃப்ளோரிஸ்ட் சரி சொன்னார். எனக்கும் மகிழ்ச்சி. அன்றைக்குக் காலை ஒன்பது மணிக்குக் கைக்கு வந்தபோது பூங்கொத்து அவ்வளவு அழகாக இருந்தது. பதினோரு மணிக்குத் திறந்தவெளியில் படம் எடுத்தோம். ஒரு மணிக்கெல்லாம் ஹைட்ரேஞ்சியா துவண்டு, நனைந்த காகிதம்போல் தொங்கிவிட்டது. அதற்குப் பிறகு எடுத்த படங்களில் பூங்கொத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

பழைய பூவைக் கொடுத்துவிட்டார்கள் என்று வெகுநாள் வருத்தப்பட்டேன். அது பழைய பூ இல்லை. ஹைட்ரேஞ்சியாவில் நாம் இதழ் என்று நினைப்பவை விரிந்த மெல்லிய புல்லிகள், அதாவது பூவின் வெளியடுக்கு. அவ்வளவு பரப்பிலிருந்தும் நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். காம்பு தண்ணீரில் இல்லாவிட்டால் வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம்கூடத் தாங்காது. வாடிய பூந்தலையை அப்படியே கவிழ்த்துத் தண்ணீரில் கொஞ்ச நேரம் மூழ்க வைத்தால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருந்திருந்தால் போதும். “இந்தப் பூங்கொத்து எத்தனை மணி நேரம் தண்ணீர் இல்லாமல் இருக்கும்?” என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

என் தங்கைக்குத் திருமணம் வந்தபோது வேறொரு ஃப்ளோரிஸ்டிடம் போனோம். தங்கை ஃபோனை எடுத்ததும் அந்த அம்மா, “படத்த அப்புறம் பார்க்கலாம்மா. முதல்ல அன்னைக்குக் காலைல எழுந்திரிக்கிறதுலேர்ந்து சொல்லு” என்றார். ஒரு காகிதத்தில் நீளமாகக் கோடு போட்டு, காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை மணிகளைக் குறித்தார். அந்தந்த மணியில் எந்தப் பூ எங்கே இருக்கும், யார் கையில் இருக்கும், தண்ணீரில் இருக்குமா என்று தங்கையிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். முக்கால் மணி நேரம் இதிலேயே போனது. அதற்குப் பிறகுதான் பூக்களைப் பற்றிய பேச்சு. வெயிலில் நிற்கும் நேரத்துக்கு ரோஜாவும் கார்னேஷனும் ஆர்கிட்டும், தண்ணீர் நிரம்பிய ஜாடிகளில் மட்டும் ஹைட்ரேஞ்சியா என்று அந்தக் காகிதமே பாதி முடிவைச் சொல்லிவிட்டது. உங்கள் ஃப்ளோரிஸ்ட் இப்படிக் கேட்காவிட்டால் நீங்களே ஒரு கோடு போட்டுக்கொண்டு போங்கள்.

அடுத்ததாக, பூக்களை எப்போது வாங்குவார், எங்கே வைத்திருப்பார் என்று கேளுங்கள். மற்றக் கேள்விகளைவிட எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. திருமணத்தன்று காலையில் வாங்குவதுதான் புத்தம் புதுசு என்று நாம் நினைப்போம். ஆனால் ரோஜா இறுகிய மொட்டாகத்தான் வரும். அடிக்காம்பைக் கொஞ்சம் வெட்டித் தண்ணீரில் நிறுத்தி வைத்தால், இரண்டு மூன்று நாளில் படத்தில் பார்ப்பதுபோல் விரியும். லில்லிக்கு இன்னும் ஓரிரு நாள் கூட வேண்டும். நல்ல ஃப்ளோரிஸ்ட் உங்கள் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, ஒவ்வொரு பூவையும் வெவ்வேறு நாளில் வரவழைப்பார். இதைக் கேட்டதும் அவர் உற்சாகமாக விளக்க ஆரம்பித்தால் நல்ல கைகளில் இருக்கிறீர்கள். “அதெல்லாம் நாங்க பார்த்துக்குவோம்” என்று மட்டும் சொன்னால் இன்னொருவரையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வைக்கும் இடமும் அப்படித்தான். ரோஜா, கார்னேஷன், ட்யூலிப் போன்ற பெரும்பாலான வெட்டுப் பூக்களை 1 முதல் 4 டிகிரி செல்சியஸ் குளிரில் வைப்பார்கள். ஆந்தூரியமும் பல ஆர்கிட்களும் வெப்பநாட்டுச் செடிகள். 10 டிகிரிக்குக் கீழே போனால் அவற்றில் கறுப்புப் படரும். எல்லாவற்றையும் ஒரே குளிர் அறையில் அடைக்கக் கூடாது.

முந்தின இரவே பூங்கொத்து வீட்டுக்கு வருகிறதென்றால் அதைச் சமையலறை ஃபிரிட்ஜில் மட்டும் வைத்துவிடாதீர்கள். பழுக்கும் ஆப்பிளும் வாழைப்பழமும் எத்திலீன் வாயுவை விடும். பழத்தைப் பழுக்க வைக்கும் அதே வாயு பூவை முதுமையாக்கும். கார்னேஷன் ஓர் இரவிலேயே இதழ்களை உள்பக்கம் சுருட்டிக்கொண்டு தூங்குவதுபோல் ஆகிவிடும். வெளிச்சம் படாத குளிர்ந்த அறையில், காம்பு தண்ணீரில் இருக்கும்படி, பழக்கூடைக்குத் தூரமாக வைத்தால் போதும்.

பருவம். இதில் நீங்கள் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். பியோனி எல்லோருக்கும் பிடித்த பூ. ஆனால் அது வசந்தத்தின் கடைசியிலும் கோடையின் தொடக்கத்திலும் சில வாரங்கள்தான் பூக்கும். மற்ற மாதங்களில் வேண்டுமென்றால் பூமியின் மறுபாதியிலிருந்து வரவழைக்க வேண்டும், செலவு எங்கேயோ போய்விடும். அதனால் பெயரைச் சொல்லாமல் அந்தப் பூவில் உங்களுக்கு என்ன பிடித்தது என்று சொல்லுங்கள். “கிண்ணம்போல், இதழ் அடுக்கடுக்காக, ஓரத்தில் வெளிறிய ரோஸ்” என்றால் அவர் ரனன்குலஸையோ தோட்டத்து ரோஜாவையோ கொண்டுவந்து காட்டுவார். தங்கை கடைசியில் பிடித்துக்கொண்டு நின்றது அவள் பெயரே கேள்விப்படாத ஒரு பூவை.

நிறத்தை ஒரே ஒரு சாயலாகப் பிடிவாதம் பிடிக்காதீர்கள். கஃபே ஓ லே என்று ஒரு டேலியா உண்டு. பாலேட்டு நிறத்துக்குப் பெயர்போனது. ஆனால் ஒரே தோட்டத்திலேயே ஒன்று தந்தமாகவும் ஒன்று இளஞ்சிவப்பாகவும் பூக்கும். பெயிண்டைப்போல் எண் சொல்லி வாங்க முடியாது. பக்கத்துப் பக்கத்து நிறங்களாக மூன்று நான்கு சொல்லிவிட்டால் அவருக்கும் வேலை செய்ய இடம் கிடைக்கும், பார்க்கவும் உயிரோட்டமாக இருக்கும். நீல ரோஜா கேட்க நினைத்திருந்தால் ஒரு விஷயம்: இயற்கையில் ரோஜாவுக்கு அந்த நிறமியே கிடையாது. ஜப்பானில் சன்டோரி நிறுவனம் மரபணு மாற்றம் செய்து 2009இல் விற்பனைக்குக் கொண்டுவந்ததும் கண்ணுக்கு இளம் ஊதாவாகத்தான் தெரியும். கடைகளில் பளிச்சென்று இருப்பவை சாயம் ஏற்றியவை. உண்மையான நீலம் வேண்டுமானால் டெல்ஃபினியம் கேளுங்கள்.

உடைத் துணியில் ஒரு சின்னத் துண்டைக் கொண்டுபோங்கள். ஃபோன் திரையில் நிறம் ஏமாற்றும். முடிந்தால் ஒன்றிரண்டு பூக்களை வாங்கிப்போய், நிகழ்ச்சி நடக்கும் அதே நேரத்தில் மண்டபத்து விளக்குக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். கரும் ஊதாவும் அடர்ந்த மெரூனும் பகலில் ராஜ கம்பீரமாக இருக்கும். மங்கிய மஞ்சள் விளக்கில், அதுவும் படத்தில், கறுப்புத் திட்டாகிவிடும்.

பணத்தைப் பற்றி வெட்கப்படாமல் முதல் நாளே மொத்தத் தொகையைச் சொல்லிவிடுங்கள். சொன்னால் முழுவதையும் வாங்கிவிடுவார் என்று பயந்து நான் சொல்லாமல் இருந்தேன். அவர் ஒரு பெரிய திட்டத்தைப் போட, அதிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டி, கடைசியில் எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் பூ என்று ஆகிப்போனது. எதுவுமே நிறைவாக இல்லை. தொகை தெரிந்தால், படங்களில் அதிகம் வரும் இடத்தில் நிறையவும் மற்ற இடங்களில் இலைதழையும் மெழுகுவத்தியுமாக அவரால் அமைக்க முடியும். மேலே தொங்கவிடும் அலங்காரத்துக்குப் பூவைவிட ஆள்கூலிதான் அதிகம் ஆகும். ஏணி, கம்பி, நாலைந்து பேர், அப்புறம் இரவில் பிரித்து இறக்குவது. கொண்டுவந்து வைப்பது, பிரித்து எடுத்துப்போவது, ஜாடி வாடகை எல்லாம் அவர் சொல்லும் தொகைக்குள் இருக்கிறதா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மேடைப் பூக்களை விருந்துக்கும் பயன்படுத்தலாம், நல்ல யோசனைதான். யார் தூக்கிப்போய் வைப்பது என்று பெயர் போட்டு முடிவு செய்தால்தான் அது நடக்கும்.

ஒப்பந்தத்தில் இன்னொரு வரி இருக்கட்டும். கேட்ட பூ வரவில்லையென்றால் அதற்குப் பதில் எது, அதை யார் முடிவு செய்வது? மழை, லாரி தாமதம், தோட்டத்தில் நோய் என்று எது வேண்டுமானாலும் வரலாம். அன்று காலை உங்களுக்கு ஃபோன் வரக் கூடாது. நிறமும் அளவும் மாறாமல் அவரே முடிவு செய்யலாம் என்று எழுதிவிடலாம். அல்லது உங்கள் தரப்பில் ஒருவரைச் சொல்லிவிடுங்கள். வந்து சேரும் பூக்களைப் பெற்றுக்கொள்வதும் உங்கள் தரப்பு ஆளின் பொறுப்பாகவே இருக்கட்டும்.

மேசைப் பூக்கள் கண் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் தலைக்கு மேலே போக வேண்டும். நடுவில் நின்றால் எதிரே இருப்பவர் முகம் தெரியாது. சாப்பிடும் மேசையில் வாசம் தூக்கலான பூ வேண்டாம். லில்லி வைத்தால் மகரந்தப் பைகளை மலரும்போதே கிள்ளி எடுத்துவிடச் சொல்லுங்கள். துணியில் அந்தப் பொடி ஒட்டிவிட்டால் தண்ணீர் போடக் கூடாது, தேய்க்கவும் கூடாது, ஒட்டுநாடாவால் ஒற்றி எடுக்க வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் லில்லியே வேண்டாம். அதன் மகரந்தம்கூடப் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

முடிந்தால் பச்சை ஃபோம் இல்லாமல் செய்ய முடியுமா என்றும் கேளுங்கள். பூக்காம்பைக் குத்தி நிறுத்தும் அந்தக் கட்டி ஒருவகைப் பிளாஸ்டிக். மக்காது, உதிர்ந்து நுண்துகளாகத் தண்ணீரில் கலக்கும். சுருட்டிய கோழிவலைக் கம்பியும், காம்பைச் செருக ஊசிகள் பதித்த முள்பலகையும் அதே வேலையைச் செய்யும். பழகியவர்கள் சந்தோஷமாக ஒப்புக்கொள்வார்கள்.

எட்டு மாதம் தாராளமாகப் போதும். இப்போது திருமணத் தேதியை உறுதி செய்து முன்பணம் கொடுங்கள். எத்தனை மேசை, எத்தனை பூங்கொத்து என்ற கடைசிக் கணக்கை வருகிறவர்கள் எண்ணிக்கை தெரிந்த பிறகு, மூன்று நான்கு வாரத்துக்கு முன் சொன்னால் போதும். அதற்கு முன்னால் ஒரே ஒரு மேசை அலங்காரத்தை மாதிரிக்குச் செய்து காட்டச் சொல்லுங்கள். தனியாகக் காசு கேட்டாலும் கொடுக்கலாம்.

ஜிப்சோபிலா பற்றி அம்மா சொல்வது சரிதான். தண்ணீர் இல்லாமலும் சில மணி நேரம் தாங்கும். காய்ந்தாலும் உருவம் மாறாது. மொத்தமாக அடுக்கினால் மேகம்போல் இருக்கும். எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் கொஞ்சமாக இருக்கும்போது தெரியாத ஒரு வாசம் மொத்தமாகச் சேரும்போது எழும். சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. மண்டபம் முழுக்க வைக்கும் முன், ஃப்ளோரிஸ்ட் கடையில் நிறைந்த வாளி ஒன்றின் பக்கத்தில் அம்மாவும் நீங்களும் பத்து நிமிடம் நின்று பாருங்கள்.