வெள்ளவத்தையில் மைக், அத்திடியவில் அன்ரெனா

கேள்வி: ஐயா, வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றில் ஆறாம் மாடியில் இருக்கிறேன். அமெச்சூர் றேடியோவுக்கு 4எஸ்7 அழைப்புக்குறி (இலங்கை நிலையங்களின் அடையாளம்) எடுத்து இரண்டு வருடம். 40 மீற்றர் அலைவரிசையில் இரைச்சல் எஸ்9க்குக் (பலமான சிக்னலின் அளவு) கீழே இறங்குவதில்லை. மொட்டைமாடியில் அன்ரெனாக் கம்பி கட்ட நிர்வாகக் குழு விடாது. அத்திடியவில் மாமா வீட்டில் தாராளமாக இடம் உண்டு, இன்டர்நெட் இல்லை. ஐந்து கிலோமீற்றர் வரும். றேடியோவை அங்கே வைத்து, வயர்லெஸ் லிங்க் போட்டு இங்கிருந்தே இயக்கலாமா?

பதில்: இயக்கலாம், தம்பி. எல்ஈடி பல்பும் சார்ஜரும் நிறைந்த தொடர்மாடியில் இரைச்சலோடு மல்லுக்கட்டுவதைவிட, சதுப்பு நிலத்துப் பக்கம் போவது புத்திசாலித்தனம். லிங்க் டிஷ் சாப்பாட்டுக் கோப்பை அளவுதான். பல்கனியில் வைத்தால் குழுவினர் டிவிக்கென்று நினைத்துக்கொள்வார்கள்.

மாமா வீட்டுக் கூரை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. 5.8 கிகாஹேர்ட்ஸில், ஐந்து கிலோமீற்றருக்கு நடுவழியில் அலை எட்டு மீற்றர் ஆரத்துக்கு விரிந்திருக்கும். அதில் ஐந்து மீற்றராவது வெறுமையாக இருக்கவேண்டும். குறுக்கே தென்னை நின்றால் வெயிலில் ஓடும் லிங்க் மழையில் படுத்துவிடும். வேகத்துக்கு ஆசைப்படாதீர்கள். குரலும் கட்டளையும் ஒரு மெகாபிட்டுக்குள் அடங்கும். சனல் அகலத்தை 20 மெகாஹேர்ட்ஸுக்கு மேல் வைக்காதீர்கள்.

லிங்க் அறுந்தால் அங்கே றேடியோ என்ன செய்யும்? எனக்கு இந்தக் கேள்வி பிந்தித்தான் வந்தது. கொட்டாஞ்சேனையில் இருந்து வத்தளையில் நண்பர் வீட்டு றேடியோவை ஓட்டிக்கொண்டிருந்தேன். பேச்சின் நடுவே லிங்க் போனது. கடைசியாகப் போய்ச் சேர்ந்த கட்டளை 'அனுப்பு'. 'நிறுத்து' போகவே இல்லை. நண்பரோ கல்யாண வீட்டில், போன் எடுக்கவில்லை. ஓட்டோ பிடித்து, களனிப் பாலத்து நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது பெட்டியில் கை வைக்க முடியவில்லை. அனுப்பும் பக்கத்து டிரான்சிஸ்டர்கள் கருகிவிட்டன. ஒரு மணித்தியாலமாக அந்த அலைவரிசையையும் அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன், வெட்கக்கேடு.

இப்போது அங்கே ஒரு ராஸ்ப்பெரி பை, அதாவது உள்ளங்கையளவு கணினி, இருக்கிறது. என் கணினி ஒவ்வொரு செக்கனும் அதற்கு 'இருக்கிறேன்' என்று சொல்லும். மூன்று செக்கன் சத்தமில்லையென்றால் ரிலே (மின்னால் இயங்கும் சுவிட்ச்) விழுந்து அனுப்புதல் நிற்கும். அதையும் முழுக்க நம்பாமல் றேடியோவின் டைம்-அவுட் டைமரையும் (குறித்த நேரத்துக்குமேல் அனுப்பவிடாமல் நிறுத்துவது) போட்டிருக்கிறேன். ஐகொம் 7300 றேடியோவில் அது மெனுவிலேயே உண்டு, 3 நிமிடத்தில் வையுங்கள்.

டிஷ்ஷுக்குப் போகும் நெற்வேர்க் கேபிள் உறையுள்ளதாக இருக்கட்டும், இரு முனையிலும் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைற் வளையம் மாட்டுங்கள். இல்லாவிட்டால் 14.030 மெகாஹேர்ட்ஸ் பக்கம் ஒரு விசில் குந்தியிருக்கும். மோர்ஸ் அடிப்பதானால் எழுத்தை அனுப்பி, புள்ளியும் கோடும் அங்கேயே உருவாக விடுங்கள்.

உரிமத்தில் நிலைய முகவரி மாறுவதையும், லிங்க்குக்கு எந்த அலைவரிசை என்பதையும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். ரத்மலானை விமான நிலையம் கூப்பிடு தூரம், கம்பத்தின் உயரத்துக்கும் அனுமதி விசாரியுங்கள்.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி வரும். அன்ரெனா கேபிளை எப்படிக் கழற்றுவதென்று மாமிக்குக் காட்டிக்கொடுங்கள். மாமா அந்த நேரம் வீட்டில் இருக்கமாட்டார்.