டிஸ்னி தடுமாறும்போது தலைமைக்கு யார் வரவேண்டும்? வால்ட் குடும்பத்தில் ஒருவரா, வெளியாளா?

கேள்விக்குக் கீழே கேட்டவர் ஒரு விளக்கமும் சேர்த்திருக்கிறார். வால்ட் டிஸ்னியின் குடும்பத்தில் வந்த ஒருவர் பொறுப்பேற்றால்தான் கம்பெனி உருப்படும் என்கிறார். அப்புறம், ரசிகர்கள் எவ்வளவு பேசினாலும் முடிவெடுப்பது பெரிய முதலீட்டாளர்கள்தானே, நமக்கு எதற்கு இந்த விவாதம் என்றும் கேட்கிறார். முதல் பாதியோடு நிறுத்தியிருந்தால் படித்துவிட்டுப் போயிருப்பேன். இரண்டாம் பாதிதான் என்னை எழுத வைத்தது. 2004 மார்ச் 3 அன்று பிலடெல்பியாவில் நடந்த டிஸ்னி பங்குதாரர் கூட்டத்தில் நானும் இருந்தேன்.

நீங்கள் அநேகமாகத் தொண்ணூறுகளில் டிஸ்னி கார்ட்டூன் பார்த்து வளர்ந்தவராக இருப்பீர்கள். இப்போது பிள்ளைகளைத் தியேட்டருக்கு அழைத்துப் போய், நமக்குத் தெரிந்த படத்தையே திரும்ப எடுத்து வைத்திருக்கிறார்களே என்று வெறுத்துத் திரும்பியிருப்பீர்கள். அந்த வருத்தத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் குடும்பத்து ஆள் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதை டிஸ்னி ஏற்கெனவே ஒருமுறை செய்து பார்த்துவிட்டது.

வால்ட் 1966 டிசம்பரில் இறந்தார். அண்ணன் ராய் ஓ. டிஸ்னி ஓய்வைத் தள்ளிவைத்துவிட்டு புளோரிடா பூங்காவைக் கட்டி முடித்தார். தம்பியின் முழுப்பெயர் இருக்கவேண்டும் என்று அதற்கு 'வால்ட் டிஸ்னி வேர்ல்ட்' என்று பெயர் வைத்து, 1971 அக்டோபரில் திறந்து, அந்த டிசம்பரிலேயே போய்ச் சேர்ந்தார். பிறகு பழைய ஊழியர்கள் நடத்தினார்கள். 1983இல் வால்ட்டின் மூத்த மருமகன் ரான் மில்லர் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். அமெரிக்கக் கால்பந்து ஆடியவர், மாப்பிள்ளை என்பதால் வந்தவர் என்று இன்றைக்கும் ரசிகர்கள் அவரை ஏளனம் செய்கிறார்கள். அது அநியாயம். பெரியவர்களுக்கான படம் எடுக்க டச்ஸ்டோன் என்ற தனிப் பெயரை உருவாக்கியது அவர் காலத்தில்தான். டிஸ்னி சேனல் தொடங்கியதும் 1983இல். ஆனாலும் இரண்டு ஆண்டுகூட அவரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1984இல் சால் ஸ்டைன்பர்க் என்ற முதலீட்டாளர் பங்குகளை வாங்கிக் குவித்து, கம்பெனியையே வளைத்துப் போடப் பார்த்தார். அவரிடமிருந்து பங்குகளைத் திரும்ப வாங்கி விரட்ட டிஸ்னி 32 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் மில்லரை வெளியேற்றினார்கள். வெளியேற்றியதில் முன்னால் நின்றவர் ராய் ஈ. டிஸ்னி. ராய் ஓ.வின் மகன், வால்ட்டின் அண்ணன் மகன். குடும்பத்து ஆளைக் குடும்பத்து ஆளே இறக்கினார். 'குடும்பம் வந்தால் ஒற்றுமை வரும்' என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அப்போது வந்தவர்கள் இரண்டு பேர். பாரமவுண்டிலிருந்து மைக்கேல் ஐஸ்னர், வார்னரிலிருந்து ஃபிராங்க் வெல்ஸ். ஐஸ்னர் கதையும் காட்சியும் பேசுகிறவர், ஒரு நாளைக்கு நூறு யோசனை சொல்லக்கூடியவர். வெல்ஸ் வழக்கறிஞர், கணக்குத் தெரிந்தவர். ஏழு கண்டங்களின் உயர்ந்த சிகரங்களில் எவரெஸ்ட் தவிர மற்ற ஆறையும் ஏறியவர். அதற்கடுத்த பத்தாண்டுகளில் வந்தவைதான் லிட்டில் மெர்மெய்ட், பியூட்டி அண்ட் த பீஸ்ட், அலாதீன், லயன் கிங். 1994 ஏப்ரல் 3 அன்று வெல்ஸ் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். அதன்பிறகு அதே ஐஸ்னர், அதே கம்பெனி, ஆனால் எல்லாம் கோணிக்கொண்டு போனது. படப் பிரிவை நடத்திய ஜெஃப்ரி காட்ஸன்பர்க் கோபித்துக்கொண்டு வெளியேறி டிரீம்வொர்க்ஸ் தொடங்கினார். இரண்டாவது இடத்துக்கு வந்த மைக்கேல் ஓவிட்ஸ் பதினான்கே மாதத்தில் சுமார் 14 கோடி டாலருடன் வெளியே போனார். 2001இல் திறந்த கலிபோர்னியா அட்வென்ச்சர் பூங்காவில் சிக்கனம் கண்ணுக்குத் தெரிந்தது. அதைச் சரிசெய்யப் பின்னால் நூறு கோடி டாலருக்கு மேல் கொட்ட வேண்டியிருந்தது. 2004 ஜனவரியில் புளோரிடாவின் அனிமேஷன் ஸ்டூடியோவை மூடுவதாக அறிவித்தார்கள். முலான் வரைந்த இடம் அது. கணினி அனிமேஷன் படங்களை எடுத்து டிஸ்னி வழியாக வெளியிட்டுவந்த பிக்ஸாருடன் அதே மாதம் ஒப்பந்தப் பேச்சும் முறிந்தது.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் அப்போது நியூஜெர்சியின் தெற்குப் பக்கத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் பிறந்தநாளுக்கு அவள் பெயரில் டிஸ்னி பங்கு ஒன்று வாங்கி, அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தோம். கார்ட்டூன் பாத்திரங்கள் அச்சிட்ட சான்றிதழ் அது. அமெரிக்காவில் அந்தக் காலத்தில் குழந்தைகளுக்கு அதைப் பரிசாகக் கொடுப்பது வழக்கம். பங்கு என்றால் பங்குதான், ஒன்றாக இருந்தாலும் கூட்டத்துக்கு அழைப்பு வரும். மகள் சிறுமி என்பதால் காப்பாளராக நான் போனேன். பாட்கோ ரயிலில் டெலவேர் ஆற்றைத் தாண்டினால் பிலடெல்பியா. அன்றைக்கு விடுப்புக் கேட்டபோது மேலாளர், 'ஒரு கார்ட்டூன் கம்பெனிக்காகவா?' என்று எல்லார் முன்னாலும் சிரித்தார். ஆமாம், அதற்காகத்தான் என்று சொல்லிவிட்டுப் போனேன். சொன்னதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

பின்னணி தெரியாதவர்களுக்கு: 2003 நவம்பரில் ராய் ஈ. டிஸ்னி இயக்குநர் குழுவிலிருந்து விலகினார். வயது வரம்பைக் காட்டி அவரை மறுபடி நிறுத்தப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். அவரும் அவருடைய ஆலோசகர் ஸ்டான்லி கோல்டும் 'சேவ் டிஸ்னி' என்று இயக்கம் தொடங்கி, இயக்குநர் குழுத் தேர்தலில் ஐஸ்னருக்கு வாக்கு மறுக்கும்படி பங்குதாரர்களைக் கேட்டார்கள். 'எதிர்ப்பு' என்று போட அங்கே இடமில்லை. ஆதரவு, அல்லது வாக்கை நிறுத்திவைத்தல், இவ்வளவுதான். எத்தனை பேர் நிறுத்திவைத்தாலும் சட்டப்படி அவர் ஜெயித்துவிடுவார். இதற்கிடையில் பிப்ரவரியில் காம்காஸ்ட் என்ற கேபிள் டிவி கம்பெனி டிஸ்னியையே விலைக்குக் கேட்டுவிட்டது. காம்காஸ்டின் தலைமையகம் அதே பிலடெல்பியா.

உள்ளே போக நீண்ட வரிசை. அந்த வரிசையில் நடந்த விவாதத்தை நான் மறக்கமாட்டேன். மிக்கி காது வைத்துக்கொண்டு வந்த ஒரு பெண்மணி, பிக்ஸாரின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸைக் கொண்டுவர வேண்டும் என்றார். இன்னொருவர் காட்ஸன்பர்க்கைத் திரும்ப அழைக்க வேண்டும் என்றார். ஒரு முதியவர், 'டிஸ்னி என்ற பெயர் உள்ளவர்தான் வேண்டும்' என்று நீங்கள் சொல்வதையே சொன்னார். அவருக்குப் பதில் சொன்னது நான் இல்லை, புளோரிடா ஸ்டூடியோவில் வேலை இழந்த ஓவியர் ஒருவர். 'ராய்க்கு அந்த நாற்காலி வேண்டாம். வரைகிறவன் பக்கத்தில் உட்கார்ந்து, அதே சமயம் வங்கிக்காரனிடமும் பேசத் தெரிந்த ஒருவர் வேண்டும். அப்படி ஒரே ஆள் கிடைக்கவில்லை என்றால் இரண்டு பேரைப் போடட்டும்' என்றார். அங்கே கேட்டதில் உருப்படியான பேச்சு அதுதான் என்று எனக்கு அப்போதே பட்டது.

கூட்டத்தில் ராய்க்கும் கோல்டுக்கும் பேச நேரம் கொடுத்தார்கள். ராய் மேடைக்கு வந்தபோது நானும் எழுந்து நின்று கைதட்டினேன். பேச்சாளர் இல்லை அவர், ஆனால் பாசாங்கு இல்லாத மனிதர். அன்றைக்கு எண்ணிக்கை வந்தபோது ஐஸ்னருக்கு 43 சதவீத வாக்குகள் மறுக்கப்பட்டிருந்தன. அமெரிக்காவில் அவ்வளவு பெரிய கம்பெனியின் தலைவருக்கு அப்படி நடந்ததில்லை என்று எழுதினார்கள். அன்று இரவே இயக்குநர் குழுத் தலைவர் பதவியை அவரிடமிருந்து எடுத்து, குழுவில் இருந்த ஜார்ஜ் மிட்செலிடம் கொடுத்தார்கள். மறு ஆண்டு ஐஸ்னர் தலைமைச் செயல் அதிகாரி பதவியையும் விட்டுப் போனார்.

'பெரிய ஓய்வூதிய நிதிகள் வாக்களித்ததால் நடந்தது, உன் ஒற்றைப் பங்கால் இல்லை' என்று யாராவது கீழே எழுதுவார்கள், தெரியும். கலிபோர்னியா அரசு ஊழியர் ஓய்வூதிய நிதி போன்றவை வாக்கு மறுத்தது உண்மைதான். ஆனால் அதற்கு முந்தைய மூன்று மாதங்கள் ரசிகர்கள் கடிதம் எழுதி, ஆவணம் திரட்டி, விஷயத்தை அணையாமல் வைத்திருந்தார்கள். சத்தம் இருந்த இடத்துக்குத்தான் பெரிய பணமும் திரும்பிப் பார்த்தது. அமெரிக்கக் கம்பெனிக்காகத் தமிழன் ஏன் உருகுகிறாய் என்றும் கேட்பார்கள். என் மகள் முதலில் கதை கேட்டது அந்தப் படங்களில். அந்தக் காரணம் எனக்குப் போதும்.

கதை, குரல் என்று பேச்சு வந்துவிட்டதால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. என் சித்தி மகள் சென்னையில் வெளிநாட்டுக் கார்ட்டூன்களுக்குத் தமிழில் குரல் கொடுத்தவள். எந்தச் சேனல், எந்த ஸ்டூடியோ என்பது வேண்டாம். பல வருடம் பேசினாள், தெருவில் குழந்தைகள் அவள் குரலை அடையாளம் கண்டு நின்றன. ஒரு தொடரின் முடிவிலும் அவள் பெயர் வந்ததில்லை. வரைந்தவர் பெயர், இசை போட்டவர் பெயர், வெளிநாட்டில் காபி வாங்கிக் கொடுத்தவர் பெயர்கூட ஓடும். தமிழில் அந்தப் பாத்திரத்துக்கு உயிர் கொடுத்தவள் பெயர் இல்லை. ஒருநாள் வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள், இவளுக்குச் சொல்லவும் இல்லை. தலைமைக்கு யார் என்று விவாதிக்கும் நாம் இதற்காக ஒரு கடிதம் எழுதியதுண்டா? சரி, இது வேறு வழக்கு.

விஷயத்துக்கு வருகிறேன். 2005 அக்டோபரில் ஐஸ்னருக்குப் பின் பொறுப்பேற்ற பாப் ஐகர் முதல் வேலையாகப் பிக்ஸாரை 740 கோடி டாலருக்கு வாங்க ஏற்பாடு செய்து, பிக்ஸாரின் எட் கேட்மல் கையில் அனிமேஷனைக் கொடுத்தார். தன்னைத் தேர்ந்தெடுத்ததையே எதிர்த்து வழக்குப் போட்ட ராயுடன் பதவி ஏற்கும் முன்பே சமாதானம் ஆனார். தனக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் விட்டதுதான் அவர் செய்த நல்ல காரியம். 2020இல் வந்த பாப் சேபெக் நேர்மாறாகச் செய்தார். படம் எடுப்பவர்களிடமிருந்து, அதை எங்கே எப்படி வெளியிடுவது என்ற அதிகாரத்தைப் பிடுங்கித் தனிப் பிரிவிடம் கொடுத்தார். 2022 நவம்பரில் அவரை அனுப்பிவிட்டு ஐகரைத் திரும்ப அழைத்தார்கள். வந்ததும் ஐகர் கலைத்தது அந்தப் பிரிவைத்தான். ஐகர் மீதும் எனக்குக் குறை உண்டு. தனக்குப் பின் யார் என்பதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார், சேபெக்கைத் தேர்ந்தெடுத்ததில் அவருக்கும் பங்கு இருக்கிறது.

ஆகவே என் பதில் இதுதான். குடும்பத்து ஆளும் வேண்டாம், தனியாக ஒரு மேதையும் வேண்டாம். தவில் இல்லாத நாதஸ்வரக் கச்சேரி எவ்வளவு நேரம் நிற்கும்? வால்ட்டுக்கு ராய் ஓ., ஐஸ்னருக்கு வெல்ஸ் என்று பக்கத்தில் 'முடியாது' என்று சொல்லக்கூடிய ஒருவர் இருந்தபோதுதான் டிஸ்னி நன்றாக இருந்தது. யார் பெயர் அடிபட்டாலும், அவருக்கு அடுத்த நாற்காலியில் யார், அவருக்கு எவ்வளவு அதிகாரம் என்று பாருங்கள்.

குடும்பமும் இப்போது நாற்காலியைக் கேட்கவில்லை. 2024இல் நெல்சன் பெல்ட்ஸ் என்ற முதலீட்டாளர் இயக்குநர் குழுவில் இடம் கேட்டு மோதியபோது, வால்ட்டின் பேரப்பிள்ளைகளும் ராய் ஈ.யின் பிள்ளைகளும் ஐகருக்கு ஆதரவாகக் கடிதம் வெளியிட்டார்கள். கம்பெனியைக் கடுமையாக விமர்சித்துவந்த, ராய் ஈ.யின் மகள் அபிகெய்ல் டிஸ்னியும் அதில் இருந்தார். அந்த மோதலில் சிறு பங்குதாரர்களுக்கு எப்படி வாக்களிப்பது என்று விளக்க டிஸ்னி ஒரு கார்ட்டூன் படமே வெளியிட்டது, பேராசிரியர் லுட்விக் வான் டிரேக் வாத்தை வைத்து. ரசிகர் கருத்துக்கு மதிப்பில்லை என்றால் ஒரு கம்பெனி வாத்தைக் கூப்பிட்டு வாக்குக் கேட்குமா?

நான் நிதி ஆலோசகர் இல்லை, பங்கு வாங்குங்கள் என்று சொல்ல வரவில்லை. ஏற்கெனவே உங்களிடம் ஒன்று இருந்தால், ஆண்டுக்கூட்டத்துக்கு முன் வரும் ஆவணத்தைத் திறந்து பாருங்கள். கூட்டத்துக்கு இப்போது ரயிலேறிப் போகத் தேவையில்லை, இணையத்திலேயே வாக்களிக்கலாம். பெரும்பாலோர் அந்த அஞ்சலைப் படிக்காமல் அழித்துவிடுகிறார்கள். நீங்கள் அழிக்காதீர்கள்.